எலும்புக்கு அனுப்பிய சுண்ணாம்பு

இலவசமாக உங்கள் உடம்பைப் பரிசோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிடுங்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்பு முகாம் போட்டார்கள். (பக்கத்து மேசையில் ஏன் சத்துமாவு டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம்!) வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் "குத்கொள்ளி சார்" என்று உட்காரவைத்து, என் குதிகாலை ஒரு பெட்டிக்குள் நுழைத்தான். பெட்டி கீங் என்றது. அவன் முகம் துக்க வீட்டுக்கு வந்தவன் போல ஆனது.

"உங்க வயசு என்ன சார்?"

"முப்பத்தெட்டு."

"எலும்பு வயசு எழுபது சார். தும்மும்போதுகூட ஜாக்கிரதையா தும்முங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் தங்கை செல்வியின் நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாததால் தட்டு மாற்ற வேண்டியவன் நான். தேங்காயும் பழமுமாகத் தாம்பாளத்தைத் தூக்கும்போது மணிக்கட்டு முறிந்துவிட்டால்?

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். வேலை பிந்தினால் ஆட்களை இரண்டு மடங்காக்கி அதன் தலையில் கொட்டுவோம். எலும்புக்கும் அதையே செய்தேன். வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய வைட்டமின் டி பொடியைத் தினமும் பாலில் கலக்கினேன். கால்சியம் மாத்திரையை மனம்போல விழுங்கினேன். போதாததற்கு அந்த டப்பா மாவு வேறு. தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. மீட்டிங்கில் பாதியில் எழுந்து போக முடியுமா?

"ஏங்க, ராகி முத்தே, அதான் உங்க களி, சாப்ட்டு மாடில வெயில்ல நடங்க. அது சாக்கு, அதுவே போதும்," என்றாள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி ரேகா. வெள்ளைக் கோட்டு போடாதவர்கள் சொல்வதை அந்த நாளில் நான் கேட்பதில்லை.

ஒக்கலிபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பத்திரிகை வாசித்து முடிந்தது. கம்பீரமாகத் தட்டை எடுத்தேன். மணிக்கட்டு முறியவில்லை. ஆனால் விலாவுக்குக் கீழே யாரோ ஸ்குரூ டிரைவரைச் செருகித் திருகினார்கள். தட்டோடு தரையில் உருண்டேன். தேங்காய் மாப்பிள்ளை முரளியின் காலடியில் போய் நின்றது.

"பொண்ணோட அண்ணனுக்கு வலிப்பா? எங்ககிட்ட சொல்லவே இல்லியே!" என்று எழுந்துவிட்டார் முரளியின் அம்மா. "தட்டே விழுந்துடுச்சு, இன்னும் என்ன பார்க்கறீங்க? கெளம்புங்க," என்றது அவருக்குப் பின்னால் ஒரு குரல்.

"அண்ணா, எழுந்திரிண்ணா," என்று செல்வி அழுதாள். அந்தக் குரலை நினைத்தால் அந்த வெள்ளைக் கோட்டைத் தேடிப்போய் அறையலாம் என்று இன்றைக்கும் கை பரபரக்கிறது.

முரளிதான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் சிறுநீரகத்தில் கல். நான் விழுங்கியவற்றையெல்லாம் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

"எலும்பு என்ன கோடவுனா, அனுப்பறதெல்லாம் எறக்கி வெக்க? தேவையானதத்தான் எடுத்துக்கும். மிச்சத்த கிட்னிதான் வெளிய தள்ளணும். தண்ணியும் குடிக்கலன்னா அது பாவம் என்ன செய்யும்?"

எலும்பையும் முறையாகப் பரிசோதித்தார்கள். முப்பத்தெட்டு வயது எலும்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்ததாம்.

"அப்ப அந்த எழுபது?"

"அது அந்தப் பெட்டியோட வயசா இருக்கும்."

வெளியே சம்பந்தம் ஊசலாடிக்கொண்டிருந்தது. கல் என்ற சேதி கேட்டதும் முரளியின் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, கல்லா? எனக்கும் வந்துச்சே!" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டை வார்டுக்கே வரவழைத்தார். "இதெல்லா இல்லி மாட்பார்து சார்!" என்று இங்கே இதெல்லாம் கூடாதென நர்ஸ் கத்தக் கத்த, ஒரு கையில் டிரிப்ஸோடு தட்டு மாற்றினேன்.

கல்யாணமாகிச் செல்வி நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் இல்லை. அவள் வீட்டு விருந்துக்குப் போனால், சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலைத் தட்டு வரும். முரளி அதிலிருந்து சுண்ணாம்பு டப்பியை மட்டும் எடுத்து மறைத்துவிடுவார்.

"மச்சானுக்கு எதுக்கு இது? அவருக்கு உள்ளயே சூளை இருக்கு."

மொத்தக் குடும்பமும் சிரிக்கும், செல்விதான் எல்லோரையும்விட உரக்க. சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை சிவக்குமா? அந்த வீட்டில் இன்றுவரை எனக்கு ஒருமுறைகூட வாய் சிவந்ததில்லை.