விமானத்துக்கு வேண்டாமென்று வடித்தது

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் கார் நீங்கலாக என்று சேர்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் அத்தைக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். சோபாவில் உட்கார்ந்தபடியே சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்க்கிறாள், ஒட்டடையையும் பார்க்கிறாள். உங்கள் விமான மெக்கானிக் பயிற்சி எப்படிப் போகிறது, மகளுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று எழுதவும். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் போனில் பேசினால் சமையலறை வரை கேட்கும். இது சமையலறைக்குக் கேட்கக்கூடாத விஷயம்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது காரை எங்களிடம் விட்டுவிட்டு, "அத்தை ஆஸ்பத்திரிக்குப் போக வர இருக்கட்டும் மாமா" என்றீர்கள். கார் நிறுத்துகிற இடத்தில் மேல்தட்டில் ஒரு கேனை வைத்து, அதில் உங்கள் கையெழுத்தில் 'விமான எரிபொருள்' என்று ஒட்டியிருந்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த விமானத் திடலில் மேலதிகாரியிடம் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு வந்தது, துருப்பிடித்த செயின் கழுவ ஆகும், தொடாதீர்கள் என்றும் சொன்னீர்கள். சொன்னதை நான் கேட்டேன். தொடாதீர்கள் என்றால் உயர்ந்த சரக்கு என்று எடுத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எடை அளவு இலாகாவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத பெட்ரோல் பங்க் இந்த ஊரில் இல்லை. என்னைக் கண்டால் பங்க் முதலாளிகள் எழுந்து நிற்பார்கள். அதனால் பெட்ரோலைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நானே நம்பிவிட்டேன். நான் பார்த்ததெல்லாம் எவ்வளவு வருகிறது என்பதைத்தான். என்ன வருகிறது என்று பார்ப்பது வேறு இலாகா. ஓய்வு பெற்று ஆறு வருடத்தில் இது எனக்கு மறந்துபோய்விட்டது. மேலும், ஆகாயத்தில் பறக்கிற ஒன்றுக்கு ஊற்றுவது தரையில் ஓடுகிற ஒன்றுக்கு எவ்வளவு நல்லது செய்யும் என்று யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம், முறையாகச் சோதனை செய்தேன். புதன்கிழமை காலை, கேனை ஆட்டாமல் அசைக்காமல், மேலாக ஒரு லிட்டர் எடுத்து என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் ஊற்றினேன். லேசான நீல நிறம், பார்க்கவே அழகு. வீட்டிலிருந்து தபாலாபீஸ் வரை வழக்கமாக நான்கு நிமிடம் பத்து விநாடி. அன்று மூன்று நிமிடம் இருபது. திரும்பி வந்து மேல்மாடித் தையல்காரரிடம் சொன்னேன். அவர், "என்ன சார், ரெக்கை எங்கே?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்தேன். வழியில் இரண்டு சிக்னலும் பச்சையாக இருந்தது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

மறுநாள் சாயங்காலம், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே, நல்ல வண்டியாகப் போகட்டும் என்று, மிச்சமிருந்த ஒன்பது லிட்டரையும் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உங்கள் காரில் ஊற்றினேன். கடைசிச் சொட்டு வரை என்பதைக் கவனிக்கவும்.

ஆபரேஷனுக்கு நான்கு மாதம் முன்னால் வாங்கிய தேதி அது. காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும், தவறினால் வரிசையில் மறுபடி கடைசி. ஆறு மணியிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டதில் உங்கள் அத்தைக்கு எதிரில் இருப்பது நானா கதவா என்று தெரியாத நிலை. ஏழு மணிக்குக் கிளம்பினோம். மேம்பாலம் வரை கார் வெண்ணெய் மாதிரி போனது. இறங்கினதும் ஒரு தடவை இருமியது.

"என்னங்க, வண்டி விக்குது?"

"காலைக் குளிர்."

"எனக்கு வேர்க்குதே."

நான் பதில் சொல்வதற்குள் கார் நான்கு தடவை குலுங்கி, ரவுண்டானாவின் நட்டநடுவில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் உறுமுகிறது, கிளம்பவில்லை. பின்னால் ஒரு பஸ். அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஐயா, நடு ரோட்டுல வீடு வாங்கிட்டீங்களா? கிரகப்பிரவேசம் எப்போ?" என்றார். மணி ஏழு இருபது. இறங்கிப் போய், ஆஸ்பத்திரி, கண், நாலு மாசம் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அந்த மனுஷன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அம்மா, கையைக் குடுங்க. நம்ம பஸ் ஆஸ்பத்திரி வாசல்லதான் போகுது. நீங்க வண்டிய பாருங்கய்யா" என்று கூட்டிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார வைத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து காரை ஓரம் தள்ளிய பிறகு பஸ் போனது. அவள் எட்டு நிமிடம் தாமதம். நர்ஸ் ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே விட்டுவிட்டாராம்.

இழுவை வண்டியோடு வந்த மெக்கானிக் ஒரு பெண். எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்கிறார்கள். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "என்ன ஊத்துனீங்க?" என்றது.

"பெட்ரோல்தாம்மா."

"எந்தப் பெட்ரோல்?"

அந்தப் பெண் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டியது. மேலே வெளிர்நீலம், கீழே மூன்று விரல் உயரத்துக்குத் தெளிவான தண்ணீர்.

"ஐயா, சின்ன பிளேன் கிளம்புறதுக்கு முன்னாடி, தண்ணி சேர்ந்திருக்கான்னு பாக்க அடியில இருந்து கொஞ்சம் வடிப்பாங்க. வடிச்சதை மறுபடி பிளேன்ல ஊத்த மாட்டாங்க, தனியா கேன்ல கொட்டுவாங்க. அவங்க வேண்டாம்னு கொட்டினதைக் கொண்டாந்து நீங்க கார்ல ஊத்தியிருக்கீங்க."

"மோட்டார் சைக்கிள் பறந்துச்சேம்மா."

"அதுக்கு மேலாப்புல இருந்ததை ஊத்தியிருப்பீங்க. பழைய வண்டி, தாங்கிக்கும். ஆனா பறக்காது. இதுல ஈயம் இருக்கு, புது காருக்கு ஆகவே ஆகாது. புகைக்குழாய்ல இருக்கிற வடிகட்டி நாசமாப் போயிடும். நல்லவேளை, ஜெட்டுக்கு ஊத்துறதைக் கொண்டாரல. அது கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்."

முப்பத்தொரு வருடம் அடுத்தவன் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தலை குனிய வைத்தவன் நான். டேங்கைக் கழுவி, குழாயெல்லாம் ஊதி, ஃபில்டரையும் மாற்றியாகிவிட்டது. புகை வடிகட்டியைச் சோதித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறது. அதையும் புதிதாகப் போட்டுத்தான் காரை உங்கள் கையில் கொடுப்பேன்.

இப்போது கடிதத்தின் உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். அன்று மத்தியானம் கண்ணில் கட்டோடு படுத்திருந்த உங்கள் அத்தை, "வண்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். என் வாயிலிருந்து, "மாப்பிள்ளை சர்வீஸ் விட்டிருக்க மாட்டார் போல" என்று வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று முதல் அவள் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். காப்பி கொடுக்கும்போது, துணி மடிக்கும்போது, "பிளேனைப் பாத்துக்கத் தெரியுது, மாமியார் ஏறுற காரைப் பாத்துக்கத் தெரியலயா?" என்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நீங்கள் வரும்போது அவள் ஏதாவது சொன்னால் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டேன் அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வயது இருக்கிறது, நல்ல பெயரை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு இருப்பதே இந்த ஒரு வீடுதான்.

பயிற்சியில் முதல் ஆளாகத் தேறி, நீங்கள் தொட்ட விமானமெல்லாம் பத்திரமாக ஏறி இறங்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். மகளுக்கு என் அன்பு. படித்ததும் கிழித்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அத்தை பக்கத்து வீட்டு டீச்சரிடம், "பொண்ணைக் குடுத்த இடம் சரியில்லையோன்னு தோணுது" என்று சொல்வது காதில் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் போனதும் நேரே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. "தெரியும். கண்ணுதான் மங்கல், மூக்கு இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் உங்க சட்டை பூரா என்ன வாடை? ஆஸ்பத்திரியில இருந்தே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அவரு கேன் விஷயம் சொன்னாரு. நீங்க உண்மையைச் சொல்ற வரைக்கும், 'உங்களைத் திட்டிக்கவாப்பா'ன்னு அவருகிட்டயே கேட்டேன். நல்லா திட்டுங்க அத்தைன்னாரு. டீச்சரும் நடிச்சாங்க, பாவம்" என்றாள். பன்னிரண்டு நாளாக எல்லாம் தெரிந்தும் போன் செய்தபோதெல்லாம் "கார் எப்படி மாமா ஓடுது?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நானும் "ஜம்முன்னு ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆகவே மேலே எழுதியதில் எதுவும் உங்களுக்குப் புதிது இல்லை, கேட்டதில் எதுவும் தேவையும் இல்லை. இனி இதை எதற்கு அனுப்புவது என்று கிழிக்கப் போனேன். அத்தை பிடுங்கிக்கொண்டாள். "அனுப்புங்க. செய்யாத தப்புக்கு பன்னெண்டு நாள் திட்டு வாங்கினவரு. மன்னிப்பு மட்டும் இன்னும் எழுதல பாருங்க, அதையும் எழுதிட்டு ஒட்டுங்க" என்றாள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை.