தொட்டில் ட்ரெய்லரின் பழைய சொந்தக்காரர்

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவி பேச்சைக் கேட்பதில்லை என்று பால்பண்ணைக்காரர் முடிவெடுத்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இது பதினேழாவது முடிவு.

விஷயம் ட்ரெய்லர். மேட்டு வயலிலிருந்து ஆளுயர வைக்கோல் உருளைகளை இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றும் நானூறு கிலோ. விற்பவரிடம் இரண்டு ட்ரெய்லர்கள் இருந்தன. ஒன்று வெறும் தட்டை. இன்னொன்றில் இரு பக்கமும் இரும்புக் குழாய். உருளை தொட்டிலில் கிடப்பதுபோல் பதிந்து கிடக்கும்.

"தொட்டில் வச்சதை எடுங்க. இறக்கத்துல ஒண்ணு புரண்டா உங்களை வழிச்சுத்தான் எடுக்கணும். எனக்கு பயமா இருக்குங்க," என்றாள் மனைவி.

அவருக்குத் தட்டைமேல்தான் கண். ஒரு நடைக்கு இரண்டு உருளை கூடுதலாக ஏற்றலாம். தவிர, தான் போடும் முடிச்சைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. ஆகவே ஒரு கதை விட்டார்.

"அந்தத் தொட்டில் ட்ரெய்லரை வச்சிருந்த கிழவர் அதுலயே செத்துட்டாராம். இப்பவும் பனி இறங்கினா வந்து கயிறை அவிழ்ப்பாராம்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சோடு தட்டை வந்தது. மறுநாள் காலை இரண்டு உருளைகளை ட்ராக்டர் தூக்கியால் ஒத்திகையாக ஏற்றி, முட்டுக்கட்டை வைத்து, கயிறு கட்டினார். வாசல் வீட்டுப் பக்கம் லேசாகச் சரிவு. மூடுபனி தொழுவத்தைப் பாதி விழுங்கியிருந்தது. ட்ரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் வாசலில் கிடந்த நாற்காலியில் சாய்ந்தார்.

"டீ ஆறுது, உள்ள வாங்க," என்று மனைவியின் குரல் கேட்டது.

மேசைமேல் டீ இருந்தது. மனைவியைக் காணோம். இரண்டு வாய் குடிப்பதற்குள் வெளியே தொம்மென்று சத்தம்.

ஓர் உருளை நாற்காலியைத் தாண்டி வந்து படியருகே நின்றிருந்தது. கயிறு அறுந்திருக்கவில்லை. அவிழ்த்து, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முட்டுக்கட்டை மாயம். மாடுகளெல்லாம் தீவனத்தை விட்டுவிட்டு வீட்டின் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"அந்தக் கிழவரா இருக்குமோ?" மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"எந்தக் கிழவர்?"

"நீங்க சொன்னவர்தான்."

"அவர் அந்தத் தொட்டில் ட்ரெய்லர்லதானே இருக்கணும்?"

"அதை நீங்க எடுக்கலையே. கோபத்துல தேடிட்டு வந்திருப்பார்."

அது பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மாட்டிக்கொள்வார். உருளையை மறுபடி ஏற்றினார். புதுக் கட்டை, இரட்டை முடிச்சு. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினால் பசு. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏங்க, ஃபோன் அடிக்குது."

ஃபோன் அடிக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது நாற்காலி இருந்த இடத்தில் உருளை இருந்தது. அதன் அடியிலிருந்து ஒரே ஒரு நாற்காலிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு பக்கத்தில், அதே அழகான சுருள். தான் விட்ட கதைக்கு உயிர் வந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினார். ஃபோனை எடுத்து விற்பவரைக் கூப்பிட்டார்.

மத்தியானம் தொட்டில் ட்ரெய்லர் வாசலுக்கு வந்தது. உருளைகள் அதில் அசையாமல் படுத்தன. மனைவி இரண்டு முட்டுக்கட்டைகளைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"இது உன்கிட்ட எப்படி?"

"கிழவர் குடுத்துட்டுப் போனார். நான் செத்தது இருக்கட்டும், எப்போ பொறந்தேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லும்மான்னார்."