சவுனாவுக்குள் ஒரு பாட்டறை

கயானி,
மார்ச் 21, சனிக்கிழமை

அன்புள்ள தர்யா அக்காவுக்கு,

மெர்வி எழுதிக்கொள்வது. நானும் யார்மோவும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், துர்க்குவில் ஆற்றுப் பனி உடைந்திருக்கும், நீ இந்நேரம் எல்லா ஜன்னல்களையும் துடைத்து முடித்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் முழங்கால் வரை கிடக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கையால் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். இந்த வீட்டுக்குள் வாய்விட்டு எதையும் சொல்கிற நிலையில் நான் இல்லை. படித்தால் புரியும். கோபம் வந்தாலும் கடைசிவரை படி. நடுவில் அம்மாவின் லினன் திரைச்சீலைகள் வருகின்றன.

நான் பாட்டு எழுதுவது உனக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் வரிசையில் நிற்கிறேன். மெட்டு எப்போதும் முன்வரிசைப் பெண்களுக்குத்தான். அந்த மெட்டு ஆடாமல் இருக்க அடியில் சொருகும் அட்டை நாங்கள். ஒருமுறையாவது மெட்டை நானே பாடிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தம்பெரெவில் ஒரு சின்ன இசைச் சங்கம், நாற்பதைத் தாண்டி முதல்முறையாகத் தனியே பாடுகிறவர்களின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிடப் போகிறதாம். வீட்டிலேயே பதிவுசெய்த மூன்று பாடல்களை மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும். அறிவிப்பை நான் வேலை பார்க்கும் நூலகத்தின் பலகையில் ஒட்டியதே நான்தான். ஒட்டிவிட்டு அதன் முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பாட ஓர் அறை வேண்டும். எங்கள் வீட்டில் மூடிக்கொள்ளக்கூடிய கதவுள்ள, யாரும் அடிக்கடி போகாத இடம் ஒன்றுதான், குளியலறையை ஒட்டிய சவுனா, வியர்க்க வியர்க்க உட்காரும் அந்த மரச்சுவர் நீராவி அறை. இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் தங்கள் சவுனாவில் பனிச்சறுக்குக் கட்டையும் காலிப் பெட்டியும்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வெளிப்படையாகவே கேட்டேன். "யார்மோ, சவுனாவை நான் எடுத்துக்கட்டுமா?" அவன் என் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். "எதுக்கு?" "பாடுறதுக்கு." "ம்." அதுதான் சம்மதம். அதற்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துப் பொதுச் சவுனாவுக்குப் போக ஆரம்பித்தான். சவுனாவைச் சூடாக்கும் அடுப்பைக் கழற்ற வந்த மின்பணியாளர் என்னிடம் மூன்று முறை கேட்டார், "நிச்சயமாத்தானா?" என்று. போகும்போது யார்மோவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார், துக்கவீட்டில் செய்வதுபோல.

மரச்சுவர் அறையில் பாடினால் குரல் பெட்டிக்குள் விழுந்த தகரடப்பா மாதிரி கடகடக்கிறது. அதற்கு மருந்து, குளிர் புகாமல் சுவருக்குள் வைத்து அடைப்பார்களே, அந்தக் கனிமப் பஞ்சுப் பாளத்தை மரச்சட்டத்துக்குள் வைத்து, காற்றுப் புகும் துணியால் மூடி, சுவரிலும் மூலையிலும் மாட்டுவதுதான். நூலகத்திலிருந்து ஒரு கையேடு எடுத்துவந்து ஜனவரி முழுக்கச் செய்தேன். பஞ்சைக் கையுறை இல்லாமல் வெட்டியதில் முழங்கை வரை ஒரு வாரம் அரிப்பு, பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கிறவள் ஒரு அடி தள்ளி நின்றாள். பதினொரு சட்டங்களை வரவேற்பறையில் வைத்து அழகாகச் செய்து முடித்தபின், சவுனாக் கதவு அவற்றைவிட நான்கு விரற்கடை குறுகல் என்று தெரிந்தது. கதவையும் நிலையையும் கழற்றி உள்ளே கொண்டுபோய், திரும்ப மாட்டினோம். இப்போது அந்தப் பேனல்கள் வெளியே வரவேண்டுமென்றால் மறுபடி நிலையைக் கழற்ற வேண்டும். துணிக்கு நாலைந்து வகை பார்த்தேன். வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும் என்று கையேடு சொன்னது. கடையில் துணி துணியாக வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது கடைக்காரப் பெண் என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கடைசியில் சரியாகக் காற்றுப் போன துணி வீட்டிலேயே இருந்தது. ஆமாம் அக்கா. சமையலறைத் திரை இரண்டும், உன் பங்கு என்று நீ இன்றுவரை சொல்கிற கூடத்துத் திரையும்.

மாட்டி முடித்ததும் சோதிக்க வேண்டும், கையைத் தட்டினால் எதிரொலி வரக்கூடாது. யார்மோவைக் கூப்பிட்டு உள்ளே நிறுத்தினேன்.

"கை தட்டு."

"எதுக்கு? நீ இன்னும் ஒண்ணுமே பாடலையே."

ஒருமுறை தட்டினான். சத்தம் அவன் உள்ளங்கையைவிட்டு நகரவே இல்லை. கம்பளித் தொப்பிக்குள் தட்டியதுபோல இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! என் குரல் என்னிடமே திரும்பி வரவில்லை என்றால் வேறு யாரிடமும் போகவும் முடியாது என்று முடிவு செய்துகொண்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு மணிநேரம், வாழ்க்கையில் முதன்முறையாக வாய்விட்டுப் பாடினேன்.

பதிவுசெய்த பாட்டுகளைச் சொல்லிவிடுகிறேன், மூன்றும் டாங்கோ என்கிற சோக நடனமெட்டு. முதலாவது, ருசி பார்க்காமலே சூப்பில் உப்புக் கொட்டுகிற ஒரு மனிதனைப் பற்றி. இரண்டாவது, சூப்பையும் கல்யாணத்தையும் வடக்கு வானத்தில் ஆடும் பச்சை ஒளியையும் "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறவனைப் பற்றி. மூன்றாவது, மடியில் பூந்தொட்டியோடு வடக்கே போகிற லாரியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி. வர விருப்பமா என்று யாருமே அவளைக் கேட்கவில்லை. போதாததற்குப் பாட்டுக்கு நடுவில் எனக்கு நானே பேசிக்கொள்கிற பழக்கம் வேறு.

பிப்ரவரியில் யார்மோ மாற ஆரம்பித்தான். உப்புக்குடுவையை எடுத்தான், விட்டத்தைப் பார்த்தான், கீழே வைத்துவிட்டுக் கரண்டியை வாயில் வைத்தான். மீன் பணியாரத்தைத் தின்றுவிட்டு "நல்லா இருக்கு. ரொம்பவே" என்றான். அதே வாரம் மேல்வீட்டு சிர்க்கா-லீசா காரணமே சொல்லாமல் ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாம் மாடி கவுக்கோ, பதினொரு வருடமாகத் தலையை மட்டும் ஆட்டுகிறவர், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "தைரியமா இருங்க" என்றார். எனக்குப் புரிந்துபோயிற்று. யார்மோவுக்கு ஏதோ பெரிய வியாதி, ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் அவனுக்குப் பிடித்த ஈரல் பணியாரம் வாரம் இரண்டு முறை செய்தேன், ராத்திரிப் படிப்பை விட்டுவிட்டுக் கம்பளிக் காலுறை பின்னினேன், மூன்று ஜோடி.

போன புதன்கிழமை கீழே துணி துவைக்கிற அறைக்குப் போனேன். சிர்க்கா-லீசா படுக்கைவிரிப்பை மடித்தபடி முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். என்னுடைய இரண்டாவது பாட்டு.

"இதை எங்க கேட்டீங்க?"

"உங்க பாட்டுத்தானேம்மா? காத்துக்குழாய் வழியா நல்லா வருது. ரெண்டாம் மாடியில இன்னும் தெளிவுன்னு கவுக்கோ சொல்றார்."

"நான்தான் எல்லாத்தையும் அடைச்சிருக்கேனே! பதினோரு பேனல்!"

"அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. முன்னாடி நீங்க குளிக்கிறப்போ பாடுவீங்களே, அதெல்லாம் ஒரே கொழகொழன்னு இருக்கும்."

"ரெண்டு மாசமா ஏங்க யாரும் சொல்லல?"

"நீங்க பேசிக்கிட்டிருக்கிறப்போ எப்படிக் குறுக்க பேசுறது?" என்றாள், நான்தான் மரியாதை தெரியாதவள் என்பதுபோல. பிறகு விரிப்பின் மறுநுனியை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்த லாரிப் பாட்டுக்கு நான் அழுதுட்டேன். பாவம், சவுனாவுல ஆம்பளைங்க எல்லாம் யார்மோவுக்கு ஆறுதல் சொன்னாங்களாம்" என்றாள்.

பஞ்சு, அறைக்குள் திரும்பி வருகிற சத்தத்தை மட்டும்தான் விழுங்குமாம். வெளியே போகிற சத்தத்தை நிறுத்தக் கனத்த சுவர் வேண்டுமாம். கையேட்டின் ஏழாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. நான் எட்டாம் பக்கத்து அளவு அட்டவணையிலிருந்து ஆரம்பித்தவள். படிக்கட்டில் துணிக்கூடையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு எதுவும் திரும்பி வராதபோதெல்லாம், நான் சொன்னது யாரையும் போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சவுனாவில் மட்டுமல்ல, யார்மோவோடு இந்த ஊருக்கு வந்த பத்தொன்பது வருடமாக.

மேலே போனால் யார்மோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"ம்."

"எவ்வளவு?"

"உப்பு. பரவாயில்லை. லாரி."

"ஏன்டா சொல்லல?"

"நீ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போனே. சாத்தின கதவுன்னா அது எனக்குச் சொன்னது இல்லைன்னு அர்த்தம்."

"பாட்டுன்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க யார்மோ."

"லாரிப் பாட்டுல எது கூட்டினது?"

அவன் ஒரு கிழங்கை முழுசாக உரித்து முடித்துவிட்டு, "ஈரலா செஞ்சு போட்டியா, நீ என்னை விட்டுட்டுப் போகப்போறேன்னு நெனச்சேன்" என்றான்.

"நீ சாகப்போறேன்னு நான் நெனச்சேன்!"

"அதான் காலுறையா?"

"அதான்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அடுத்த கிழங்கை எடுத்தான்.

ஆகவே அக்கா, முடிவு செய்துவிட்டேன். பாட்டுகளை அனுப்பப் போவதில்லை. படிக்கட்டில் தலைகுனிய வைத்தது போதாதென்று அவனை நாடு முழுக்கவா பாடிக் காட்டுவது? லாரியை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் அனுப்பலாம்தான், ஆனால் மூன்று கேட்கிறார்கள், தவிர அந்த இரண்டும் லாரியைச் சொல்லாமல் இருப்பதற்காக எழுதியவை. நாளைக்குக் கதவு நிலையைக் கழற்றிப் பேனல்களை இறக்குகிறேன். திரைச்சீலைகளைத் துவைத்து, உன் பங்கையும் என் பங்கையும் சேர்த்தே பார்சல் செய்துவிடுகிறேன், ஆணித் துளைகளை மட்டும் மன்னித்துவிடு. செவ்வாய்க்கிழமை மின்பணியாளர் அடுப்பைத் திரும்ப மாட்ட வருகிறார், குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. நான் கீழ்க்குரல் வரிசைக்கே திரும்பிப் போகிறேன். அங்கே நிற்பது பழகிய விஷயம்.

அத்தானின் முதுகுவலி குறையட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஈஸ்டருக்குள் உன் வீட்டு முற்றத்தில் முதல் பூ தலைகாட்டட்டும், உன் ஜன்னல்கள் எல்லாம் வெயிலோடு விழிக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
மெர்வி

பி.கு.: உறையில் ஒட்டத் தபால்தலை தேடிக்கொண்டிருந்தேன். மணி ஐந்து. யார்மோ துண்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருப்பான் என்று நினைத்தால், எங்கள் சவுனாக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவன் தொண்டையைச் செருமினான். பிறகு, நூலகத்தில் பேசுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, "மெர்வி. இந்த ஊர்ல இருக்க உனக்கு விருப்பமா?" என்றான். என் முகத்தைப் பார்த்து அவனால் கேட்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மேல்வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. இரண்டாம் மாடியில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. நான் நடையில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே, "இல்ல" என்றேன். உள்ளே மரப்பலகை கிறீச்சிட்டது. அப்புறம், "சரி. துர்க்குவுல போய்ப் பாக்கலாமா?" என்றான். மேலே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மூன்று பாட்டும் அரைமணிநேரத்துக்கு முன் தம்பெரெவுக்குப் போய்விட்டன, லாரி முதலாவதாக. அனுப்பும் பொத்தானை அமுக்கியது யார்மோ. மின்பணியாளரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பாவம். பேனல்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கும், திரைச்சீலைகளும்தான். உங்கள் தெருவில் வீடு ஏதாவது காலியானால் எழுது. சவுனா இருக்கிறதா என்று அவன் கேட்கச் சொன்னான். சுவர் எவ்வளவு தடிமன் என்று நான் கேட்கிறேன்.