லேபிள் சிஸ்டர்

சிவகாசியில் திரி பற்றவைக்காமலே ஒரு ஆஸ்பத்திரியை அதிரவைத்தவர் லேபிள் சிஸ்டர் ஒருவர்தான். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

பக்கவாதத்தில் வருகிறவருக்கு மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டால், ஆஸ்பிரினைத் தாமதிக்கக் கூடாது. ஆனால் டாக்டர் எழுதிய பிறகும், அந்த நர்ஸ் கொடுத்திருப்பார் என்று இந்த நர்ஸும், இவர் கொடுத்திருப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். சிஸ்டருக்கு அது பொறுக்காது. அச்சகத்தில் மிஞ்சிய பட்டாசு லேபிள்களை வாங்கி வந்து, மாத்திரை போகாத கட்டிலின் கால்மாட்டில் ஒட்டிவிடுவார். மாத்திரை உள்ளே போனதும் கிழிப்பார்.

"கேஸ் சீட்ட எவன் பாக்கான்? அணுகுண்டு படம்னா எட்டி நின்னாலும் தெரியும்ல!"

லேபிள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் போதும், வருகிற போகிற எல்லோரிடமும் சிஸ்டருக்கு ஒரே கேள்விதான்: "ஏன் இன்னும் கிழிக்கலை?" டீ கொண்டுவந்த கேன்டீன்காரர்கூட ஒருமுறை திருதிருவென்று முழித்தார்.

போன தீபாவளி சீசனில் என் மாமாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி நடத்துகிறவர். தன் லேபிள் தரையில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஸ்கேனில் கசிவு இல்லை. சிஸ்டர் வந்து லேபிளை ஒட்டினார். போச்சு! அது மாமாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளியின் கம்பெனி லேபிள்.

மாமா பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். மாத்திரைக்கு முன் தண்ணீர் புரையேறாமல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மனுஷன் வாயையே திறக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அதக் கிழிக்கணுமா? மொதல்ல தண்ணி, பொறவு மாத்திரை. முழுங்கிட்டீகன்னா நீங்களே கிழிக்கலாம்!"

மாமா வாயைத் திறந்தார். ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் இறங்கியது. மாத்திரையும் இறங்கியது. சிஸ்டர் லேபிளை உரித்து அவருடைய இடது கையில் கொடுத்து, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். மாமா கிழித்த வேகத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தன் கம்பெனி லேபிளை ஒரு கட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"கிழிச்சிருவாகளே மாமா?" என்றேன். முறைத்தார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, கம்பை ஊன்றிக்கொண்டு வார்டை எட்டிப் பார்த்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரின் கட்டிலில் மாமாவின் லேபிள் பளபளத்தது. மாமாவின் முகம் சிவந்தது. குழறும் நாக்கோடு கத்தினார்:

"சிஸ்டர்! ஏன் இன்னும் கிழிக்கலை?"

மாத்திரையும் கையுமாக வந்துகொண்டிருந்த லேபிள் சிஸ்டர் நின்று, மாமாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இந்த வருஷமும் ஒரு கட்டு கூடுதலாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம்.