இரண்டு வார்டுக்கு நடுவில் ஒரு நாற்காலி

இஸ்திரி அண்ணாச்சி! ஒரு ஓட்டுகூட வாங்காமல் இரண்டு வார்டை ஆண்டவர் இந்தப் பம்பாயில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தாராவியில் எங்கள் சந்தின் நடுவே திறந்த சாக்கடை ஓடியது. இந்தப் பக்க வீடுகள் ஒரு வார்டு, அந்தப் பக்கம் இன்னொரு வார்டு. சாக்கடைக்கு மூடி கேட்டால் இந்தக் கவுன்சிலர் அந்தப் பக்கம் கை காட்டுவார், அவர் இந்தப் பக்கம் காட்டுவார். ஆனால் இருவருடைய வெள்ளைக் குர்தாவும் இஸ்திரிக்கு வந்தது அண்ணாச்சியிடம்தான்.

தேய்த்ததும் கொடுத்துவிட மாட்டார். ஒன்றை எடுத்துத் தானே போட்டுக்கொள்வார். பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கால் இந்த வார்டில், இரண்டு கால் அந்த வார்டில். நடுவில் சாக்கடைக்கு மேலே அண்ணாச்சி. கண் பாதி மூடியிருக்கும். இஸ்திரிப்பெட்டியின் கரிப்புகை மேகம்போல் சுற்றி நிற்கும். அந்த மேகத்துக்குள் ஆட்சி நடக்கும்.

"குர்தா இன்னைக்கு யாருதுவே?" என்பார் எதிர்வீட்டு மாமா.

"ஆளுங்கட்சி."

"நேத்து?"

"எதிர்க்கட்சி. நமக்கு ரெண்டும் ஒரே சைஸுதான்."

அவருக்கு இருந்தது ஒரே கவலை. எங்கள் சந்தில் பாடையை நேராகத் தூக்கிப் போக முடியாது. சாக்கடையைத் தாண்டித் தாண்டி, சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

"உசுரோட விழுந்தா எந்திச்சிருவேன்லே. செத்தப்பொறவு விழுந்தா என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்பார்.

மத்தியானத் தூக்கத்தில் அவருக்குக் கனவும் அதுதான். சந்து கடற்கரை ரோடு மாதிரி அகலமாக இருக்குமாம். பாடை மிதந்து போகுமாம். இரண்டு வார்டும் பூப் போட, இவர் படுத்தபடியே கை ஆட்டுவாராம்.

"செத்தப்பொறவு எப்படி அண்ணாச்சி கை ஆட்டுவிய?"

"கனவுலயும் குத்தம் கண்டுபிடிக்கியாலே!"

ஒரு மழை மத்தியானம், புதிதாக மாற்றலாகி வந்த முனிசிபாலிட்டி இன்ஜினியர் சந்துக்குள் வந்தார். தார்ப்பாய்க்கு அடியில், புகைக்கு நடுவில், மொடமொடக்கும் குர்தாவில் அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். கவுன்சிலர் என்றே நினைத்து இன்ஜினியர் கும்பிட்டார்.

"நமஸ்தே, நகர்சேவக் சாப்!"

அண்ணாச்சி கண் திறக்கவில்லை. கனவில் யாரோ கும்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். கையை மட்டும் ஆட்டி, "கட்டர் பந்த் கரோ. ஜல்தி!" என்றார். சாக்கடையைச் சீக்கிரம் மூடச் சொல்லி உத்தரவு.

"இதில் உங்கள் வார்டு எது சாப்?" என்றார் அவர் இந்தியில்.

"தோனோ மேரா," என்றார் அண்ணாச்சி. இரண்டும் என்னுடையது.

சீக்கிரமே கான்கிரீட் பலகைகள் வந்து இறங்கின. திறப்புவிழாவில் இரண்டு கவுன்சிலர்களும், நான்தான் போட்டேன், நீ எங்கே போட்டாய் என்று கத்தினார்கள். இருவர் குர்தாவிலும் மடிப்பு கத்திபோல் நின்றது. அண்ணாச்சி பனியனோடு நின்று கைதட்டினார்.

"உண்மையச் சொல்லிரட்டுமா அண்ணாச்சி?"

"சும்மா கெடலே. பொறவு குர்தா வராது!"

போன வாரம், மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார். அதே நாற்காலியில். கனவு முடியட்டும் என்று நான் எழுப்பாமல் காத்திருந்தேன். இப்போதும் காத்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. அன்று அவர் உடம்பில் இருந்த குர்தாவைக் கேட்டு எந்தக் கட்சியும் வரவில்லை.

பாடையைத் தூக்கிப் பலகைகளின் மேல் தோளுக்குத் தோள் சமமாக நடந்தோம். முன்பக்கம் ஒரு தோள் என்னுடையது. இரண்டு பக்க வாசல்களிலிருந்தும் பூ விழுந்தது. ஒரு இடத்தில்கூடச் சாயவில்லை அண்ணாச்சி. கை ஆட்டுகிறீர்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்த வார்டாக இருந்தாலும் சரி, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். மேலே அவருக்கு எங்கே இடம் கொடுத்தாலும், நடுவில் ஒரு நாற்காலி போட விடட்டும்.