தலை நகர்ந்த தாலிப் படம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதன்பிறகு நான் செய்தவை: செத்துப்போன மூன்று டிவிகளிலிருந்து உயிருள்ள ஒரு டிவி, குடைக்கம்பியில் ஓர் ஆன்டெனா (மழையில் இன்னும் நன்றாக எடுக்கும்), சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் என் ரிப்பேர் கடையின் பின்கட்டில், எந்த வாத்தியாரின் தயவும் இல்லாமல், வீடியோ படத்தை நெளியவைக்கும் ஒரு பெட்டி. வீட்டில் கடைசியை மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

எண்பதுகளில் நடந்தது. கேமரா ஒயரைப் பெட்டி வழியாக விட்டுக் குமிழைத் திருகினால் படம் அலையாடும், நிறம் வழியும், ஒருவர் இருவராவார்.

"ஊரே கெட்ட படத்தச் சரிபண்ணுது. நீங்க நல்ல படத்தக் கெடுக்கிறீங்க" என்றாள் மனைவி.

மாமனார் ஜூரோங் கப்பல் பட்டறையில் போர்மன். மூத்த மகளை நான் கட்டி ஐந்து வருடமாகியும் என்னை "டிவிக்காரன்" என்பார். "மாப்பிள்ளை" என்ற சொல்லை இளையவளுக்கு வரப்போகிறவருக்காகப் பத்திரப்படுத்தியிருந்தார். அவள் கல்யாணத்தை வீடியோ எடுத்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிடுவது என்று முடிவுகட்டினேன். மாடியில் மணவறை, கீழே பந்தி. சாப்பிடுகிறவர்களும் பார்க்கட்டும் என்று, பெட்டி வழியாக ஒயர் இழுத்துக் கீழே ஒரு டிவி வைத்தேன்.

காலையில் பெட்டிக்குப் பூசை போட்டேன். (புதுச் சாமானைச் சந்தனம் வைக்காமல் ஓட்டுவேனா?) தலையில் மூன்று பட்டை, குமிழுக்கு ஒரு பொட்டு. பன்னீர் விட்டுக் குழைத்த கல்யாணச் சந்தனம், தாராளமாகவே அப்பினேன். காற்றுக்காக நானே போட்ட துளைகள் வழியாக அது நிதானமாக உள்ளே இறங்கியிருக்கிறது.

கெட்டிமேளம் முழங்கியது. நிறம் மலரட்டும் என்று குமிழைத் திருகினேன். கீழே டிவித் திரையில் மாப்பிள்ளையின் தலை கழுத்தைவிட்டு நகர்ந்து, பச்சையாகி, ஐயரைத் தாண்டி ஓரமாய்ப் போய் நின்றது. தலையில்லாத உடம்பு தாலி கட்டியது.

"ஐயோ, மாப்பிள்ளைக்குத் தலையக் காணோமே!"

கீழே பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை, சாம்பார்க் கரண்டியோடு மாடியேறி, கூட்டத்தைப் பிளந்து, மாப்பிள்ளையின் தலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இருக்குலா அத்தை, இருக்கு! விடுங்க, சாம்பார் வழியுது!"

"அப்ப டிவியில போனது யார் தலைப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் மெதுவாகச் சொன்னார்: "டிவிக்காரரே, கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதற்குமேல் அவர் கடைசிவரை உயர்த்தவில்லை.

சகலை இன்றும் ஒவ்வொரு திருமண நாளிலும் போன் போடுவார். "அண்ணே, என் தலைய எங்க வச்சீங்க?"

போன வருடம் அவருடைய மகள் அந்த டேப்பை கலைக் கண்காட்சி ஒன்றில் ஓடவிட்டாள். ஜனங்கள் கைகட்டி நின்று, ஆழமாகத் தலையாட்டினார்கள். அருகிலிருந்த அட்டையில் அவள் பெயர், அப்பா அம்மா பெயர், சாம்பார் அத்தையின் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

பெட்டி செய்தவன் நான். சந்தனம் வைத்தவனும் நான். அந்தத் தலை நகர்ந்ததில் வேறு யாருக்கும் பங்கில்லை. அட்டையைத் திருத்தி அச்சடிக்கட்டும். பெயருக்கு முன்னால் டிவிக்காரர் வேண்டாம். "மூத்த மாப்பிள்ளை" என்று போட்டால் போதும்.