வாசற்படியிலிருந்து ஏழு முழம்

சமையலறையில் நான்கு டைல்ஸைப் பெயர்த்து, முழங்கால் ஆழம் தோண்டி, மணலைத் தவிர ஒன்றும் அகப்படாத பிறகுதான் யாருடைய முழம் என்ற கேள்வி வந்தது.

"வாசற்படியிலேருந்து ஏழு முழம். வெளிப்பாட்டுல அப்படித்தான் வந்துது. என் கையாலதான் அளந்தேன்" என்றார் ரபி.

"உங்க கையாலயா?" என்றாள் ஜெராக்ஸ் கடைக்காரரின் மனைவி. ரபிக்குக் கை குட்டை; சட்டைக்கை எப்போதும் இரண்டு மடிப்பு மடித்துத்தான் இருக்கும். "அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் ஆறடி இருந்திருப்பாங்களே. என் அடுப்புக்கு முன்னாடி பள்ளம் வெட்டிட்டீங்க, நான் நாளைக்கு எங்க நின்னு சமைக்கிறது?"

ரபி பதினைந்து வருஷம் ஆயுள் காப்பீடு விற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் தாடி வளர்த்து, நீலக்கோடு போட்ட சால்வையின் நான்கு மூலையிலும் குஞ்சம் கட்டி, இனிமேல் தன்னை ரபி, அதாவது யூத குரு, என்றுதான் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். யூதர் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. எந்த யூதரும் அவரைப் பார்க்காததால் ஆட்சேபணையும் வரவில்லை. யூதர் சடங்கில் ஊதும் ஆட்டுக்கடாக் கொம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அவர் அதை ஊதினால் தெருவில் ஸ்கூட்டர்கள் ஒதுங்கி வழிவிடும்.

சீடர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜெராக்ஸ் கடைக்காரர். வேதாகமக் கால வரைபடங்களை இலவசமாகப் பெரிதாக்கி லாமினேஷனும் போட்டுக் கொடுப்பவர். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் நெட்டை.

தேடுவது உடன்படிக்கைப் பெட்டியை. பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை வைத்த, பொன்தகடு போர்த்திய பெட்டி. உலகமே தேடிக் களைத்துப்போன அந்தப் பெட்டி ஜெராக்ஸ் கடைக்காரரின் இந்த வாடகை வீட்டுச் சமையலறைக்குக் கீழே இருக்கிறது என்ற தெய்வ வெளிப்பாடு, போன மாதம் இதே சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரபிக்கு வந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வருகிறார். வீட்டைப் பார்த்துத் திருப்தியானால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். இல்லையென்றால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்; பெட்டி அடுத்த குடித்தனக்காரருக்குப் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை மதியமே தோண்டி எடுத்து, சாயங்காலத்துக்குள் டைல்ஸை ஒட்டிவிடுவதாகத் திட்டம்.

"நெட்டை கையால அளந்து பாருங்க" என்றாள் மனைவி. "எங்கேயோ போகட்டும், என் அடுப்பை விட்டாப் போதும்."

நெட்டை குப்புறப் படுத்து ஏழு முழம் அளந்தார். ஏழாவது முழம் சிங்க்குக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே சுவர் ஓரம் கறுத்து, ஈரம் பூத்திருந்தது.

ரபி கண்ணை மூடினார். "தரை அழுவுது."

"ரெண்டு வருஷமா அழுவுது" என்றாள் மனைவி.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் ஜெராக்ஸ் பழக்கதோஷத்தில். இரண்டு வருஷமாக அந்தச் சுவரைப் பற்றி அவர் சொல்லிவந்ததும் அதுதான்.

கடப்பாரை ஒரு முழம் இறங்கியதும் டங் என்றது. மூவரும் மண்டியிட்டார்கள். நெட்டை இன்னொரு போடு போட்டார். தண்ணீர் பீறிட்டு ரபியின் தாடியில் அடித்தது.

ஜெராக்ஸ் வால்வை மூட ஓடினார். ரபி ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நில்லு. சூரியன் இறங்கியாச்சு. ஓய்வுநாள் தொடங்கியாச்சு. நாளைக்குச் சூரியன் இறங்குற வரைக்கும் எந்த வேலையும் செய்யக் கூடாது."

"வால்வு மட்டும், ரபி."

"திறக்குறதும் வேலை, மூடுறதும் வேலை."

ரபி சால்வையைப் பிழிந்தார். அதுவும் வேலைதானே என்று நெட்டை கேட்க, பாதியில் விட்டுவிட்டுச் சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனார். நெட்டையும் கடப்பாரையைக் குழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

"நான் உங்க சங்கத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு மனைவி போய் வால்வை மூடினாள்.

ஜெராக்ஸ் கணுக்கால் தண்ணீரில் நின்று ரபிக்குப் போன் செய்தார்.

"நான் போனை எடுக்கல" என்றார் ரபி. "ஓய்வுநாள்ல எடுக்கக் கூடாது. சொல்லு."

"காலையில வீட்டுக்காரர் வந்தா எங்களைத் தெருவுல நிறுத்திடுவார், ரபி."

"வெளியாள் வேலை செய்யலாம். ஆனா நீ வாயால கேக்கக் கூடாது. குறிப்பாலதான் உணர்த்தணும். வெச்சிடறேன், நான் எடுக்கவே இல்ல."

காலை ஏழு மணிக்குக் குறிப்பு உணர்த்த ஆள் தேடிக் கதவைத் திறந்தால், வாசலில் பிளம்பர் நிற்கிறார். தோளில் பைப், பையில் சிமெண்ட், பழைய டைல்ஸோடு பொருந்தும் புது டைல்ஸ் ஒரு பெட்டி. ஜெராக்ஸுக்கு உடம்பு சிலிர்த்தது. இருந்தாலும் விதியை மீறவில்லை.

"தம்பி, இந்த உலகத்துல சில இடத்துல தண்ணி ஓடுது."

"ஆமாண்ணே."

"சில இடத்துல ஓடக் கூடாது."

"சரிண்ணே. கொஞ்சம் நகருங்க."

ஒன்பதே முக்காலுக்குள் புதுப் பைப் போட்டு, இரண்டு குழியையும் மூடி, டைல்ஸையும் ஒட்டிவிட்டார். பெட்டி ஏதாவது தட்டுப்பட்டதா என்று ஜெராக்ஸ் குறிப்பால் கேட்டார். பிளம்பருக்கு அந்தக் குறிப்பு புரியவில்லை.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். கூடத்தைப் பார்க்கவில்லை, படுக்கையறையைப் பார்க்கவில்லை. நேராக சிங்க்குக்கு அடியில் குனிந்து, புது டைல்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தக் கசிவு இன்னும் நிக்கலேன்னா இன்னிக்கு உங்களைக் காலி பண்ணச் சொல்லணும்னுதான் வந்தேன். போன மாசமே உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுப் போனேனே. பரவால்ல சார், உங்களையும் வேலை வாங்க ஆள் இருக்கு." ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"ஓய்வுநாள்ல நான் எழுதக் கூடாது" என்றார் ஜெராக்ஸ், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நான் போடறேன்" என்று மனைவி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்காரர் போனதும் ஜெராக்ஸ் புது டைல்ஸ் மேல் நின்று பெருமூச்சு விட்டார். "சரியான நேரத்துக்குச் சரியான ஆள், சரியான பைப்போட. அற்புதம் நடந்திருக்கு. ஆனா பெட்டி மட்டும் நமக்குக் குடுத்து வைக்கல."

மனைவி பிளம்பருக்கு டீ நீட்டினாள்.

பிளம்பர் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "அப்புறம் அக்கா, மொட்டைமாடித் தொட்டியும் ஒழுகுதுன்னீங்களே, அதுக்கும் இந்தப் பெட்டி மாதிரி ரபி காதுல நோவா பேழையைப் போட்டு வைக்கிறீங்களா, இல்ல நானே நேரா வந்துடட்டுமா?"